தண்ணீரின் தோலை அளந்த கணக்கு அதிகாரி



போன ஐப்பசி மழைக்கு மறுநாள் காலை நம் பேஸ்மெண்ட் பார்க்கிங் சரிவில் தண்ணீர் தேங்கி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மோட்டார் வைத்து இறைத்த கதையைச் செயலாளர் தன் அறிக்கையில் எழுதிவிடுவார், நான் அதற்குள் போகவில்லை. அந்தத் தண்ணீரின் மேல் யாரோ ஒருவர் வண்டியிலிருந்து சொட்டிய பெட்ரோல் மயில் கழுத்து நிறத்தில் பரவிக் கிடந்தது. ஸ்கூல் வேனுக்கு நின்ற ஒரு குழந்தை, தாத்தா இது ஏன் கலர் கலராக இருக்கிறது என்று கேட்டது. பெட்ரோல் என்றேன். பெட்ரோல் பங்க்கில் அது கலராக இல்லையே என்றது. சாயங்காலம் மறுபடி வந்து, காலையில் ஒரே விரிப்பாக இருந்தது இப்போது ஏன் வட்ட வட்டமாகக் கிழிந்திருக்கிறது என்றும் கேட்டது. பி.காம். படித்து முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதியவனிடம் இதற்கெல்லாம் பதில் ஏது?

பதில் தேடிச் செங்கல்பட்டில் நூலகத்துக்குப் போனேன். போன இடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் எதிர்ப்பட்டார். நம் எல்லோருக்கும் தெரிந்தவர்தான், சர் சி.வி.ராமன். நோபல் பரிசு வாங்கியவர் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அவர் பத்து வருடம் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பதும், மிக இளம் வயதில் அவர் அளந்த பொருள்களில் ஒன்று ஒரு சொட்டுத் திரவம் என்பதும் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்தக் கதையை உங்களிடம் சொல்லத்தான் இந்த இதழில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

திருவானைக்காவல் பையன்

ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சியை அடுத்த திருவானைக்காவலில். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே போயிற்று. வீட்டில் பணம் அதிகம் இல்லை, புத்தகங்கள் இருந்தன. பையன் பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினான். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-இல் இயற்பியலில் தங்கப்பதக்கத்தோடு பி.ஏ. முடித்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு படிக்கிற வயதில் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்ற யோசனை இருந்தது. ஆள் ஒல்லி, உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று அரசு மருத்துவர் தடுத்துவிட்டார். மாநிலக் கல்லூரியிலேயே எம்.ஏ. சேர்ந்தார். வகுப்புக்கு வரவேண்டிய கட்டாயம் அவருக்குத் தளர்த்தப்பட்டது. அந்த நேரத்தை ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். ஒளி பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தார். பல மாதம் பதில் வராமல் போகவே, லண்டனில் வெளிவந்த ஃபிலாசாஃபிகல் மேகஸின் என்ற ஆய்விதழுக்குத் தானே அனுப்பிவிட்டார். 1906 நவம்பரில் அது அச்சானது. வயது பதினெட்டு.

அதே இதழில் 1907-இல் வந்த அடுத்த கட்டுரைதான் நம் விஷயம். திரவத்தின் வளைவை அளந்து அதன் பரப்பு இழுவிசையைக் கண்டுபிடிக்கும் முறை பற்றியது அது.

தண்ணீருக்குத் தோல் உண்டா?

பரப்பு இழுவிசை என்றால் பயந்துவிடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இருக்கும் மூலக்கூறை நாலா பக்கமும் அண்டை வீட்டார் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். மேற்பரப்பில் இருப்பதற்கு மேல்பக்கம் அண்டை வீடு இல்லை, மொட்டை மாடி வீட்டுக்காரர் மாதிரி. ஆகவே மேற்பரப்பு எப்போதும் உள்ளே இழுக்கப்பட்டு, தன் பரப்பளவைக் குறைக்கவே பார்க்கும். இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்ளும். எவ்வளவு பலம்? தண்ணீரின் மேல் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டால், அந்தக் கோட்டின் இரு பக்கமும் சுமார் 7 கிராம் எடைக்குச் சமமான இழுப்பு இருக்கும். அவ்வளவுதான். அந்த 7 கிராம்தான் தாமரை இலைத் தண்ணீரை முத்தாக உருட்டுகிறது, குளத்துப் பூச்சியைத் தண்ணீர் மேல் நடக்க விடுகிறது.

ஒரு துளி எவ்வளவு வளைந்திருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் அதற்குள் இருக்கும். வளைவும் அழுத்தமும் தெரிந்தால் இழுவிசை எவ்வளவு என்று எழுதிவிடலாம். இரண்டு தொகை தெரிந்தால் மூன்றாவது தொகையை எழுதுகிற நம் பழைய ஐந்தொகை வேலைதான். சென்னையில் ஒரு மாணவன் இதைச் செய்துகொண்டிருந்தான் என்பதுதான் ஆச்சரியம். அன்று அவனுக்கு வழிகாட்ட இங்கே யாரும் இல்லை.

இதே துறையில் இன்னொரு தனி ஆளும் இருந்தார். ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண். பெண்களுக்குக் கல்லூரி இல்லாத காலம். வீட்டு வேலையைக் கவனித்துக்கொண்டே, அழுக்கும் எண்ணெயும் தண்ணீரின் தோலை எப்படித் தளர்த்துகின்றன என்று சமையலறையிலேயே அளந்தார். முடிவுகளை இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி 1891-இல் அச்சேற்றினார். அதே ராலே பிரபு பின்னாளில் ராமனுக்குக் கடிதம் எழுதியபோது, பையனைப் பேராசிரியர் என்று நினைத்து அப்படியே விளித்தார் என்று சொல்வார்கள்.

கல்கத்தாவில் இரட்டை வாழ்க்கை

படிப்பு முடிந்தது. அந்தக் காலத்தில் ஆராய்ச்சியை நம்பிச் சாப்பிட முடியாது. அண்ணன் சுப்பிரமணியன் ஏற்கெனவே கணக்குத் துறையில் இருந்தார். ராமனும் நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடத்தில் தேறினார். 1907 மே மாதம் லோகசுந்தரி அம்மாளை மணந்துகொண்டார். அந்த அம்மையார் வீணை வாசிப்பவர். ஜூன் மாதம் இருவரும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். ராமன் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். இன்னும் பத்தொன்பது வயது ஆகவில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நம்மில் பலருக்கு இந்த இடத்தில்தான் முடிந்தது. நல்ல உத்தியோகம், கல்யாணம், பென்ஷன்.

ஒரு நாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார். இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் பொதுமக்களிடம் நிதி திரட்டி 1876-இல் தொடங்கிய இடம். ராமன் போனபோது கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. தொடங்கியவரின் மகன் அம்ரிதலால் சர்க்கார் அங்கே செயலாளர். அவர் ராமனைக் கையைப் பிடித்து வரவேற்காத குறைதான்.

அதற்குப் பிறகு பத்து வருடம் இதுதான் நடைமுறை. விடியற்காலையில் ஆய்வுக்கூடம். வீடு வந்து குளித்துச் சாப்பிட்டு அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே மறுபடி ஆய்வுக்கூடம், இரவு வரை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கேதான். 1909-இல் ரங்கூனுக்குக் கரன்சி அதிகாரியாக மாற்றினார்கள். தந்தை காலமானதும் சென்னைக்கு வந்து, விடுப்பில் இருந்த மாதங்களிலும் மாநிலக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பிறகு நாகபுரி. 1911-இல் மறுபடி கல்கத்தா. வீணை, தம்புரா, மிருதங்கம், வயலின் என்று நம் கருவிகளின் ஒலியைப் பற்றி அவர் எழுதியவை இந்த மாலை நேரங்களில் தொடங்கியவைதான்.

அலுவலக வேலையில் குறை வைத்தார் என்று யாரும் சொல்லவில்லை. தாமரை இலைத் தண்ணீர் போல் உத்தியோகத்தில் ஒட்டாமல் இருந்தார் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், அது உண்மையில்லை. இரண்டிலும் ஒட்டித்தான் இருந்தார்.

1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அசுதோஷ் முகர்ஜி அவருக்குப் பாலித் பேராசிரியர் பதவி கொடுத்தார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அரசாங்க உத்தியோகத்தில் இன்னும் மேலே போகும் வழி திறந்திருந்தது. பென்ஷன் உண்டு. ராமன் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உங்களில் மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்குத் தெரியும். லோகசுந்தரி அம்மாளின் துணிச்சலையும் சேர்த்தே எண்ணுங்கள்.

கப்பலும் கடலும்

1921-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்காக முதல் கடல் பயணம். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்பதுதான் அன்றைய கருத்து, சொன்னவர் அதே ராலே பிரபு. ராமன் சட்டைப்பைக்குள் நிக்கல் பட்டகம் என்ற சிறிய கருவியை வைத்திருந்தார். அதன் வழியாகச் சரியான கோணத்தில் பார்த்தால் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளி மறைந்துவிடும். மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்துதான் வருகிறது. திரும்பி வரும்போது கப்பலிலிருந்தே நேச்சர் இதழுக்குக் கட்டுரை எழுதினார்.

தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றார் ராமன். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதும் முக்கியக் காரணம் என்பது பின்னால் தெளிவானது. ஆக முழுத்தொகையும் அவர் கணக்கில் டேலி ஆகவில்லை. ஆனால் பிரதிபலிப்பு மட்டும் போதாது என்ற பதிவு சரி.

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது இதை நீங்களே செய்து பார்க்கலாம். போலராய்டு கூலிங் கிளாஸ் யாரிடமாவது இருக்கும். கடற்கரைக் கோயில் பக்கம் நின்று, சற்றுத் தள்ளித் தெரியும் கடலைச் சாய்வாகப் பார்த்து, கண்ணாடியைக் கையில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் மேற்பரப்பின் பளபளப்பு சட்டென்று அணைந்து கடலின் சொந்த நிறம் தெரியும். கரையோரம் மணல் கலங்கியிருப்பதால் அது பச்சையாகத் தெரிந்தால் ராமன் மீது பழி போடாதீர்கள். காற்றில்லாத காலையில் போனால் இன்னொன்றையும் கவனியுங்கள். சிற்றலைகளுக்கு நடுவே வழவழவென்று சில பட்டைகள் நீளும். மிக மெல்லிய எண்ணெய்ப் பசை பரவிய இடங்கள் அவை. அந்தப் படலம் சிற்றலையை அடக்கிவிடுகிறது.

அசையாத தண்ணீரும் அசைகிறது

ராமன் மறுபடி தண்ணீரின் தோலுக்கு வந்தார். பாலக்காட்டிலிருந்து வந்த எல்.ஏ.ராம்தாஸ் என்ற மாணவரும் அவரும் சேர்ந்து, திரவங்களின் மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பதற்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1925-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார்கள். ராம்தாஸ் பின்னாளில் நம் நாட்டு வேளாண் வானிலைத் துறையை வளர்த்தவர்.

அதில் உள்ள விஷயம் இது. தூசி இல்லாத, காற்று படாத, கண்ணாடி போல நிற்கும் தண்ணீரும் உண்மையில் நிற்கவில்லை. வெப்பத்தால் மூலக்கூறுகள் துள்ளிக்கொண்டே இருப்பதால் மேற்பரப்பில் ஓயாமல் சிற்றலைகள் எழும். ஒரு மூலக்கூறு உயரம்தான் இருக்கும். பரப்பு இழுவிசை அவற்றை உடனுக்குடன் அமுக்கிச் சமப்படுத்தும். இழுவிசை குறைவான திரவத்தில் அலை சற்று அதிகம், ஆகவே அதன் மேற்பரப்பு அதிக ஒளியைச் சிதறடிக்கும்.

குழந்தை கேட்ட இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் தொடங்குகிறது. கலர் வருவது எளிது. படலத்தின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேரும்போது, படலத்தின் தடிமனுக்கேற்பச் சில நிறங்கள் கூடும், சில கழியும். பங்க்கில் இருப்பது படலம் இல்லை, அதனால் கலரும் இல்லை. கிழிவது எப்படி? தடித்த படலத்தில் அந்தச் சிற்றலைகளை இழுவிசை அமுக்கிவிடும். படலம் ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால் இரண்டு மூன்று கூறு அளவுக்கு மெலிந்துவிட்டால் சங்கதி மாறும். அப்போது இரு முகங்களும் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும். பள்ளமான இடம் இன்னும் பள்ளமாகும். இழுவிசையால் சமாளிக்க முடியாமல் ஓர் இடத்தில் துளை விழும். துளை விழுந்ததும் கட்சி மாறி, அதே இழுவிசை விளிம்பைப் பின்னுக்கு இழுத்து வட்டமாக்கும். சோப்புக் குமிழியின் உச்சி கறுத்து, அடுத்த கணம் உடைவது இதனால்தான். உங்கள் வீட்டு நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் மெல்லத் தடவிய எண்ணெய் திட்டுத் திட்டாகக் கூடிக்கொள்வதும் இந்தக் குடும்பத்துச் சமாசாரம்.

இந்தக் கணக்கைப் படலங்களுக்குப் போட்டவர்கள் ராமனுக்குப் பின் வந்தவர்கள். 1966-இல் நெதர்லாந்தின் ஃப்ரே, பிறகு நம் கான்பூர் ஐ.ஐ.டி.யின் அசுதோஷ் சர்மா போன்றவர்கள். கண்ணில் உள்ள கண்ணீர்ப் படலம் ஏன் கிழிகிறது என்று சர்மா ஆராய்ந்திருக்கிறார். நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன் இமைக்காமல் உட்காருபவர்களுக்குக் கண் ஏன் எரிகிறது என்பதை இனி யோசித்துக்கொள்ளுங்கள். குழாயைச் சிறிதாகத் திறந்தால் தண்ணீர்க் கம்பி துளிகளாக அறுபடுகிறதே, அதையும் செய்வது பரப்பு இழுவிசைதான். அதைக் கணக்கிட்டவர் ராலே. 1961-இல் வந்த தன் பெரிய புத்தகத்தில் அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், அதே கணக்குத் துறை அண்ணனின் மகன்.

பிடித்து நிறுத்திய விசையே

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு, அதில் கே.எஸ்.கிருஷ்ணனின் உழைப்பு பெரிது. 1930-இல் நோபல் பரிசு. அறிவிப்பு வருமுன்பே கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாராம். அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. 1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். யாரையும் கலக்காமல் முடிவெடுக்கிறார் என்று புகார்கள். 1937-இல் இயக்குநர் பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பெண் என்பதற்காகக் கமலா பாகவத் என்ற மாணவிக்கு முதலில் இடம் மறுத்தார். அவர் விடாமல் வாதாடிய பிறகு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். அந்த மாணவி பின்னாளில் கமலா சோஹோனி என்ற பெயரில் சிறந்த உயிர்வேதியியல் அறிஞரானார். ஆக, ராமன் கணக்கில் பற்றும் உண்டு, வரவும் உண்டு. பத்து வருடம் அலுவலகத்துக்கு நடுவே அவரைப் பிடித்து நிறுத்திய பிடிவாதமே பெங்களூரில் உறவுகளைக் கிழித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற பின் சும்மா இருக்கவில்லை. 1948-இல் தொடங்கிய தன் ஆய்வு நிறுவனத்தில் கிளிஞ்சல், வைரம், பட்டாம்பூச்சி, பூக்களின் நிறம் என்று கடைசி வரை பார்த்துக்கொண்டே இருந்தார். 1954-இல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21 அன்று காலமானார். அவர் விரும்பியபடியே நிறுவனத் தோட்டத்தில் தகனம் செய்தார்கள். அங்கே சமாதி இல்லை, மரம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எனக்கும் இயற்பியல் படிக்க ஆசை இருந்தது. வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று வீட்டில் காமர்ஸில் சேர்த்தார்கள். நேரமே கிடைக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்தபோது பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தேன். மாலை ஆறு முதல் ஒன்பது வரை வங்கி மனமகிழ் மன்றத்தில் சீட்டு. முப்பத்தைந்து வருடம். நேரம் இருந்திருக்கிறது. யாரையும் குறை சொல்ல வழியில்லை.

ஆகவே நம் பிள்ளைகளில் யாராவது பிடித்த படிப்பை விட்டுவிட்டுச் சம்பளத்துக்குப் போக நேர்ந்தால், அதைத் துக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாலை நேரத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளப் ஹவுஸ் வராண்டாவில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் வளைத்த கம்பிகளும் வைத்திருப்பேன். குமிழியின் உச்சி கறுப்பதைக் கண்ணால் பார்க்க விரும்பும் குழந்தைகளும், அவர்களைச் சாக்காக வைத்துப் பார்க்க விரும்பும் பெரியவர்களும் வரலாம். கேள்வி கேட்ட குழந்தைக்கு முதல் வரிசையில் இடம் போட்டாயிற்று. தரையைத் துடைத்துக் கொடுப்பது என் பொறுப்பு என்று செயலாளரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
சி பிளாக், இரண்டாம் மாடி, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்